ஸ்டாண்டர்டு ஹெரால்டின் ஸ்டீயரிங் ஆட்டம்: காரணத்தைக் கண்டறியும் வழி

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை வாங்கி, சில நாள் ஓட்டிய எவரும் முதலில் சொல்லும் குறை, வண்டி நேராகப் போக மறுக்கிறது என்பதுதான். ஸ்டீயரிங்கைச் சற்று அசைத்தாலும் வண்டியில் மாற்றம் தெரிவதில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினால் தேவைக்கு மேல் திரும்பிவிடுகிறது. வேகம் கூடக்கூட இடமும் வலமுமாக ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இந்தக் குறையோடு பட்டறைக்குப் போனால், 'ரேக்கை மாற்ற வேண்டும்' அல்லது 'அலைன்மென்ட் பார்த்தால் சரியாகிவிடும்' என்ற இரண்டு பதில்களில் ஒன்றுதான் பெரும்பாலும் கிடைக்கும். முதலாவது, அதாவது ஸ்டீயரிங்கின் பற்சட்டத்தையே மாற்றுவது, செலவு மிகுந்தது. இரண்டாவது, உண்மையான காரணம் வேறிடத்தில் இருக்கும்வரை பயன்படாதது. ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஒரு கடப்பாரை, ஒரு டார்ச் விளக்கு, உதவிக்கு ஓர் ஆள் ஆகியவை இருந்தால், கழற்றுவதற்கு முன்பே காரணத்தை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். இக்கட்டுரை அதற்கான வரிசையைச் சொல்கிறது.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் உருவாகி 1959-இல் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்டுதான் இந்த வண்டியின் மூலம். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கேலோட்டி வரைந்த உடல்வடிவம் அது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் அதை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் எந்த ஹெரால்டுக்கும் ஐம்பது வயதுக்குக் குறையாது. அத்தனை ஆண்டுகளில் அதன் ரப்பர், பித்தளை, இரும்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு வேகத்தில் தேய்ந்திருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

ஆட்டமும் அலைச்சலும்

முதல் வேலை, குறை எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவது. ஸ்டீயரிங் வீலைத் திருப்பினாலும் முன்சக்கரம் உடனே அசையாமல், இடையில் ஒரு வெற்று அசைவு இருந்தால் அது ஆட்டம். பட்டறை மொழியில் 'பிளே'. ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்திருந்தும் வண்டி தானாகத் திசை மாறினால் அது அலைச்சல். ஆட்டத்துக்குக் காரணம் ஸ்டீயரிங் வீலுக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள ஏதோ ஓர் இணைப்பில் இருக்கும். அலைச்சலின் காரணமோ டயரிலும் இருக்கலாம், சக்கரத்தைச் சேசிஸோடு பிணைக்கும் ஆர்ம்களின் ரப்பர் புஷ்ஷிலும் இருக்கலாம், பின்சக்கரங்களிலும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே வருவது உண்டு. ஆனாலும் தனித்தனியாகவே தேட வேண்டும். ஒருபக்கமாக மட்டும் இழுப்பது மூன்றாவது வகை. அதற்கு டயர், ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், சாலையின் சரிவு ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம். நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்திருப்பதால், இடப்பக்கம் ஓடும் வண்டி சற்றே இடப்பக்கம் இழுப்பது இயல்பு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எவ்வளவு ஆட்டம் வரை பொறுக்கலாம் என்ற கேள்விக்கு வண்டியைப் பொறுத்தே விடை சொல்ல முடியும். பிரீமியர் பத்மினி போல ஸ்டீயரிங் பாக்ஸ் கொண்ட வண்டிகளில் கொஞ்சம் வெற்று அசைவு இருப்பது வழக்கம். ஹெரால்டில் இருப்பது ரேக்-பினியன் அமைப்பு: ஸ்டீயரிங் தண்டோடு சுழலும் பினியன் என்ற சிறு பற்சக்கரம், ரேக் என்ற பற்சட்டத்தை இடவலமாகத் தள்ளும். பற்களுக்கும் சக்கரத்துக்கும் இடையே இணைப்புகள் மிகக் குறைவு. ஆகவே வண்டியை நேராக நிறுத்தி, ஸ்டீயரிங் வீலின் விளிம்பை இரண்டு விரலால் மெல்ல அசைக்கும்போது, ஒரு விரல் அகலத்துக்கு மேல் வெற்று அசைவு இருந்தால் எங்கோ தேய்மானம் இருக்கிறது என்றே முடிவு செய்யலாம். 'பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்' என்ற சமாதானம் இந்த வண்டிக்குப் பொருந்தாது. நல்ல நிலையில் உள்ள ஹெரால்டின் ஸ்டீயரிங் துல்லியமாகவே இருக்கும். அதற்காகவே அந்த வண்டியை விரும்பி வைத்திருப்பவர்கள் பலர்.

முதலில் டயர்

நான்கு டயர்களிலும் காற்றைக் குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும். ஹெரால்டில் முன்டயரைவிடப் பின்டயரில் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று இருக்க வேண்டும். கையேட்டில் உள்ள அளவும் அப்படித்தான் அமைந்திருக்கும். காற்று நிரப்பும் இடத்தில் நான்கிலும் ஒரே அளவாக வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த வண்டியின் பின்அச்சு அமைப்பில் அது வண்டியின் பின்புறத்தை நிலையற்றதாக்கும். ஓட்டுபவர் அதை ஸ்டீயரிங்கின் குறை என்று நினைத்துக்கொள்வார்.

பிறகு டயரின் வகையைப் பார்க்க வேண்டும். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை என்று ரேடியலும் பழைய கிராஸ்-பிளையும் கலந்திருந்தால் வேறெதையும் சோதிப்பதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும். நான்கும் ஒரே வகையாக இருந்து, பட்டன் ஆழமாக இருந்தாலும், பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருந்தால் அந்த ரப்பர் கெட்டியாகிவிட்டது என்று பொருள். அதிகம் ஓடாத பழைய கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே முதிர்ந்துவிடுகிறது. ஒருபக்கம் இழுக்கும் வண்டியில் முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் காரணம்.

பானெட்டைச் சாய்த்து வைத்துச் செய்யும் சோதனை

இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்த உதிரிப்பாகத்தையும் வாங்காதீர்கள். ஹெரால்டின் பானெட், இரு மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். அதைத் திறந்துவிட்டால் முன்சக்கரம், ஆர்ம்கள், ரேக், அதைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராடுகள் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். மற்ற பெரும்பாலான வண்டிகளில் தரையில் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டியவற்றை இதில் ஓரமாகக் குந்தி உட்கார்ந்தே பார்க்கலாம்.

வண்டி சமதளத்தில், நான்கு சக்கரங்களும் தரையில் இருக்க, எஞ்சின் நிறுத்தப்பட்டு, கைபிரேக் போடப்பட்டிருக்க வேண்டும். உதவியாளரை உள்ளே உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு மட்டும், சீராகவும் விடாமலும் அசைக்கச் சொல்லுங்கள். வீலை முழுதாகத் திருப்பத் தேவையில்லை. வெற்று அசைவைக் கடந்து சக்கரம் நகரத் தொடங்கும் அளவு போதும். நீங்கள் ஸ்டீயரிங் வீலில் தொடங்கி, அசைவு போகும் பாதையிலேயே சக்கரம் வரை ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஓர் இணைப்பின் ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் சற்றுத் தாமதித்து அசைந்தால் குறை அங்கே இருக்கிறது.

கண்ணைவிட விரல் இதில் நம்பகமானது. இணைப்பின் இரு பாகங்களையும் ஒரே விரல்நுனி தொட்டிருக்குமாறு குறுக்கே வைத்துப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் அசைவும் விரல்நுனியில் ஒரு சிறு 'டிக்' என்று தெரியும். டை ராடு எண்டின் மேல் விரலை வைத்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படும்: நல்ல ஜாயிண்டில் இரண்டு பாகங்களும் ஒன்றாக நகரும்; தேய்ந்ததில் முதலில் ராடு நகர்ந்து, பிறகு ஒரு தட்டு தட்டி, அதற்குப் பின்பே சக்கரத்தோடு இணைந்த கை நகரும்.

வரிசை இது. முதலில் ஸ்டீயரிங் காலம் (column), அதாவது வீலிலிருந்து இறங்கும் தண்டும் அதைச் சுற்றியுள்ள குழாயும். வீலை இரு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தால் தண்டே ஆடினால், காலத்துக்குள் இருக்கும் புஷ்கள் தேய்ந்துள்ளன. வீலை உங்களை நோக்கி இழுக்கும்போது தண்டு முன்னும் பின்னும் நகர்ந்தால், காலத்தின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க வைத்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். அதை உடனே இறுக்க வேண்டும். அடுத்து, தண்டின் கீழ்முனையைப் பினியனோடு இணைக்கும் ரப்பர் கப்ளிங். இதன் ரப்பர் வெடித்திருந்தாலோ, பினியனைப் பற்றியிருக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலோ மேலே வீல் திரும்பும், கீழே பினியன் தாமதிக்கும். ஒரு ஸ்பேனரால் போல்ட்டை இறுக்கினாலே தீர்ந்துவிடக்கூடிய இந்தக் குறைக்காக முழு ரேக்கும் மாற்றப்படுவது வருத்தத்துக்குரியது.

அடுத்து வருவது ரேக்கின் பிடிப்பு. ஹெரால்டுகளில் நான் முதலில் சந்தேகிக்கும் இடம் இதுதான். ரேக்கின் குழாய் நேரடியாகச் சேசிஸில் பொருத்தப்படவில்லை. இருபுறமும் ரப்பர் வைத்து, யூ போல்ட்டுகளால் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினின் முன்புறமிருந்து கசியும் ஆயில் ஆண்டுக்கணக்கில் அந்த ரப்பரை நனைத்து ஊறவைத்து மென்மையாக்கிவிடும். அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, பற்கள் சக்கரத்தைத் தள்ளுவதற்கு முன், ரேக் முழுவதும் எதிர்ப்பக்கமாக வழுக்கி நகரும். உதவியாளர் வீலை அசைக்கும்போது ரேக்கின் குழாய்க்கும் சேசிஸுக்கும் குறுக்கே விரலை வையுங்கள். அங்கே தெளிவான பக்கவாட்டு அசைவு இருந்தால் புது ரப்பர் போட வேண்டும். மாட்டும்போது யூ போல்ட்டுகளை வெளிப்பக்கமாக அழுத்திப் பிடித்து, ரப்பர் நன்றாக நசுங்கி இறுகிய நிலையில் நட்டுகளை முறுக்க வேண்டும். வெறுமனே மேலிருந்து முறுக்கினால் ரப்பர் புதிதாக இருந்தும் பக்கவாட்டு அசைவு மிஞ்சும். கூடவே அந்த ஆயில் கசிவையும் நிறுத்தாவிட்டால் புது ரப்பரும் அதே கதிக்கு ஆளாகும்.

பிடிப்பு சரியாக இருந்தால் ரேக்கின் உட்புறத்தைச் சோதிக்கலாம். இதற்குக் கழற்றத் தேவையில்லை. நேர்நிலையில் உள்ள ஆட்டத்தை முதலில் பாருங்கள். பிறகு ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முக்கால்வாசி திருப்பி வைத்து அங்கே எவ்வளவு ஆட்டம் என்று பாருங்கள். நடுவில் ஆட்டம் இருந்து, ஓரத்தில் இல்லையென்றால் ரேக்கின் நடுப்பற்கள் தேய்ந்துவிட்டன; வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதி நேராகவே ஓடுவதால் அங்கேதான் தேய்மானம் கூடுதல். எல்லா நிலையிலும் ஆட்டம் ஒரே அளவாக இருந்தால் பற்களைக் குறைசொல்ல வேண்டாம்; கப்ளிங், பிடிப்பு, ஜாயிண்டுகள் ஆகியவற்றையே மீண்டும் பாருங்கள்.

ரேக்கைப் பினியனோடு அழுத்திப் பிடிக்கும் பிளஞ்சரின் மூடிக்குக் கீழே ஷிம்கள் என்ற மெல்லிய தகடுகள் உண்டு. அவற்றைக் குறைத்தால் ஆட்டம் குறையும். ஆனால் நடுப்பற்கள் தேய்ந்த ரேக்கில் நடுவில் ஆட்டம் போகும் அளவுக்கு இறுக்கினால், தேயாத ஓரப்பற்களுக்கு வரும்போது ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய வீல் தானாகத் திரும்பி வராமல் நின்றுவிடுவது ஆட்டத்தைவிட ஆபத்தானது. அவ்வளவு தேய்ந்த ரேக்கை மட்டும்தான் மாற்ற வேண்டும்.

கடைசியாக ரேக்கின் இரு முனைகளிலும் 'பூட்' எனப்படும் ரப்பர் உறைக்குள் இருக்கும் உள்ஜாயிண்டுகளும், டை ராடு எண்டுகளும். அந்த உறையை வெளியிலிருந்தே இறுகப் பிடித்தால் உள்ஜாயிண்டின் தட்டு கையில் தெரியும். பூட் கிழிந்திருந்தால், இப்போது ஆட்டம் இல்லாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள். உள்ளே புகும் மண்ணும் மழைநீரும் ரேக்கையே தின்றுவிடும். ரேக்குக்கு கிரீஸ் ஏற்றும்போது ஓரிரு அழுத்தம் போதும். அளவுக்கு மீறி ஏற்றினால் பூட் உப்பி வெடிக்கும்.

சக்கரத்தைத் தூக்கிய பின்

இப்போது முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சேசிஸின் உறுதியான பகுதியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்குக் கீழும் போகக் கூடாது. செங்கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்துவதும் கூடாது. செங்கல் நொறுங்கும்போது எச்சரிக்கை தராது.

சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவியாளரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங். மறையாமல் தொடர்ந்தால் மேலே உள்ள பால் ஜாயிண்டோ கீழே உள்ள டிரனியனோ (இதைப் பற்றி அடுத்த பகுதியில்) தேய்ந்துள்ளது. இரண்டில் எது என்பதை, ஆட்டும்போது டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு கைகளை இருபக்கமும் வைத்து இடவலமாக ஆட்டினால், முந்தைய சோதனையில் பார்த்த ஸ்டீயரிங் ஜாயிண்டுகளின் தேய்மானம் மீண்டும் உறுதிப்படும்.

வீல் பேரிங்கில் ஆட்டம் இருப்பதாலேயே அது கெட்டுவிட்டது என்று பொருளில்லை. ஹெரால்டில் உள்ள டேப்பர் ரோலர் பேரிங்குக்கு மயிரிழை அளவு தளர்வு இருந்தாக வேண்டும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை மெல்ல இறுக்கி, பேரிங் நன்றாக அமர்ந்ததும் நட்டின் ஒரு முகம் அளவுக்குத் தளர்த்தி, புது ஸ்பிலிட் பின் போட வேண்டும். ஆட்டமே இருக்கக் கூடாது என்று இறுக்கி வைத்தால் சூடேறி பேரிங் பிடித்துக்கொள்ளும். சுழற்றும்போது கரகரவென்ற ஓசையோ நெருடலோ இருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

டிரனியனுக்கு ஆயில்தான் வேண்டும்

ஹெரால்டை வைத்திருப்பவர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய பகுதி இது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரை, கீழ் ஆர்மில் பொருந்தியிருக்கும் டிரனியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் முறுக்கப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இரும்பு மரை பித்தளைக்குள் சுழல்கிறது; வண்டியின் முன்பாரமும் அந்த மரையின் வழியாகவே செல்கிறது. இதற்கு இட வேண்டியது ஈ.பி. 90 எனப்படும் கியர் ஆயில். ஆனால் பட்டறைகளில் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவது பழக்கம். கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் முழுதாகப் பரவுவதில்லை. நாளடைவில் கெட்டியாகி வழியை அடைத்துக்கொள்கிறது. உள்ளே தேங்கும் நீர் இரும்பு மரையை அரித்து மெலிய வைக்கிறது. மெலிந்த தண்டு ஒருநாள் முறியும். அது பெரும்பாலும் மெதுவாகச் செல்லும்போதோ, வண்டியை நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போதோ நிகழும். அவ்வாறு முறிந்தால் சக்கரம் உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ மடங்கி, வண்டியின் மூலை தரையில் அமர்ந்துவிடும். அதுவே வேகத்தில் நடந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சோதனைக்கு, தூக்கிய சக்கரத்தின் அடியில் கடப்பாரையை நுழைத்து மெல்ல நெம்புங்கள். தண்டு டிரனியனுக்குள் மேலும் கீழுமாகக் குதித்தால் மரை தேய்ந்துள்ளது. தண்டு டிரனியனுக்குள் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் சீல் கிழிந்து, அங்கே துருவின் செந்நிறக் கறை வழிந்திருந்தால், ஆட்டம் இல்லாவிட்டாலும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆயில் கன்னால் ஈ.பி. 90-ஐ ஏற்றும்போது முதலில் மேலே பிதுங்கி வருவது எது என்று கவனியுங்கள். கறுத்த ஆயில் வந்தால் நல்லது. பழைய கிரீஸும் துருக்கலந்த நீரும் வந்தால் அந்தத் தண்டை நம்ப முடியாது. வெள்ளநீரில் நின்ற வண்டி, நீண்ட நாள் ஷெட்டில் முடங்கிக் கிடந்த வண்டி, முந்தைய பராமரிப்பு தெரியாத வண்டி ஆகியவற்றில் இரு பக்கத் தண்டுகளையும் கழற்றி, மரையைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்துவிடுவதே என் கருத்து. குழிகள் விழுந்திருந்தால் தண்டையும் டிரனியனையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. இடது, வலது டிரனியன்களின் மரைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. பக்கம் மாற்றி வாங்கினால் பொருந்தாது. முழுதாக உள்ளே முறுக்கிய பிறகு, ஸ்டீயரிங் இரு பக்கமும் முழுதாக ஒடிவதற்குத் தேவையான அளவு பின்னோக்கிச் சுழற்றித்தான் பொருத்த வேண்டும். அடியோடு இறுக்கிப் பொருத்தினால் ஒரு பக்கம் திருப்பும்போதே மரைக்கு முறிவு விசை ஏறும். இனி யாரும் கிரீஸ் ஏற்றிவிடாதபடி, பானெட்டின் உட்புறத்தில் 'டிரனியனுக்கு ஆயில் மட்டும்' என்று பெயிண்டால் எழுதி வைப்பது நல்ல யோசனை.

இறுக்கமும் அலைச்சலைத் தரும்

தளர்வு மட்டுமே வண்டியை அலைய வைக்கும் என்று நினைத்துக்கொண்டு பலர் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். டிரனியன் வறண்டு இறுகியிருந்தாலோ, ரேக்கை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாலோ, சக்கரம் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது. ஓட்டுபவர் சிறிது திருத்துகிறார். சக்கரம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே எதிர்ப்பக்கம் திருத்துகிறார். அதுவும் அங்கேயே நின்றுவிடுகிறது. இப்படியே வண்டி பாம்புபோல் நெளிந்து போகும். உணர்வில் இது ஆட்டம் போலவே இருக்கும். ஆனால் இறுக்க இறுக்க மோசமாகும்.

முன்பக்கம் தூக்கிய நிலையில் டை ராடு எண்டுகளை ஸ்டீயரிங் கைகளிலிருந்து கழற்றிவிட்டால் விடை கிடைத்துவிடும். எண்டின் நட்டை எடுத்த பிறகு மரைமுனையைச் சுத்தியலால் அடிக்க வேண்டாம். கையின் துளைப்பகுதியைப் பக்கவாட்டில் தட்டினால், துளைக்குள் இறுகியிருக்கும் டேப்பர் (கூம்பு முனை) விடும். இப்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகத் திருப்பிப் பாருங்கள். ஒரே சீராக, இலேசாகத் திரும்ப வேண்டும். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கிறதோ அந்தப் பக்கத்து டிரனியன் அல்லது பால் ஜாயிண்டுதான் காரணம். இரு சக்கரமும் இலேசாகத் திரும்பி, ஸ்டீயரிங் வீல் மட்டும் கனமாக இருந்தால் குறை ரேக்கிலோ காலத்திலோ இருக்கிறது.

ஆர்ம் புஷ்களும் பின்சக்கரங்களும்

ஸ்டீயரிங் இணைப்புகள் எல்லாம் நன்றாக இருந்தும் அலைச்சல் தீரவில்லையென்றால், சக்கரத்தைச் சேசிஸோடு பிணைக்கும் ரப்பர்களைப் பார்க்க வேண்டும். வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க, மற்றொருவர் வண்டியை முன்னும் பின்னும் தள்ளட்டும். கீழ் ஆர்ம்களின் உள்முனைகள் சேசிஸ் பிராக்கெட்டுக்குள் நகர்ந்தால் புஷ்கள் போய்விட்டன. பிராக்கெட்டே அசைந்தால் போல்ட்டுகளையும், அவை பிடித்திருக்கும் சேசிஸில் துரு ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்தப் பிராக்கெட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் ஷிம்களின் எண்ணிக்கையை, கழற்றும் முன் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தின் சாய்வுக் கோணங்களான கேம்பரும் கேஸ்டரும் அவற்றால்தான் அமைகின்றன.

பின்னால், ஹெரால்டில் இருப்பது ஸ்விங் ஆக்சில்: டிஃபரென்ஷியலின் மேல் குறுக்காக வைக்கப்பட்ட ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கும், இருபுறமும் மேலும் கீழுமாக ஊசலாடும் அரை ஆக்சில்களும். சக்கரம் முன்பின்னாக நகராமல் பிடித்திருப்பவை இரண்டு ரேடியஸ் ஆர்ம்கள். அவற்றின் ரப்பர் புஷ்கள் தளர்ந்தால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பின்சக்கரம் சற்று முன்னோக்கியும், காலை எடுக்கும்போது பின்னோக்கியும் நகர்ந்து, வண்டியைப் பின்னாலிருந்தே திருப்பும். ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது, ஸ்டீயரிங்கை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மட்டும் கொடுத்தும் விட்டும் பாருங்கள். அதற்கேற்ப வண்டி திசை மாறினால் முன்பக்கத்தில் தேடுவதை நிறுத்திவிடலாம். பட்டை ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் பின்சக்கரங்களின் உச்சி உள்பக்கமாகச் சாய்ந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கேஸலில் இந்த ஊசல் ஆக்சிலுக்குப் பதிலாக வழக்கமான திட ஆக்சில் வைத்துவிட்டதால், கேஸல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது.

அலைன்மென்ட் கடைசியில்

தேய்ந்தவை மாற்றப்பட்டு, எல்லா நட்டும் இறுக்கப்பட்ட பிறகே அலைன்மென்ட். தளர்ந்த ஜாயிண்டுகளை வைத்துக்கொண்டு எடுக்கும் அளவு, வண்டி ஓடத் தொடங்கியதும் மாறிவிடும். ஹெரால்டின் முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்றே நெருங்கி இருக்க வேண்டும். அந்த டோ-இன் ஓரிரு மில்லிமீட்டர்தான். மாறாக முன்பக்கம் விரிந்து நின்றால், ஒவ்வொரு சிறு மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி ஒரு பக்கம் தாவப் பார்க்கும்.

கணினி இயந்திரம் இல்லாமலும் இதை அளக்க முடியும். முன்சக்கரம் ஒவ்வொன்றையும் தூக்கி, சுழற்றிக்கொண்டே டயரின் நடுவில் சாக்பீஸ் பூசி, அதன்மேல் ஓர் ஆணியால் மெல்லிய கோடு இழுங்கள். வண்டியை இறக்கியதும் பத்து அடி தூரம் முன்னே தள்ளி நிறுத்துங்கள். தூக்கி இறக்கிய உடனே அளந்தால், சக்கரங்கள் தம் இயல்பான நிலைக்கு வந்திருக்காது. ஹப்பின் உயரத்தில், இரு கோடுகளுக்கும் இடையிலான தொலைவை டயரின் முன்பக்கத்தில் ஒருமுறையும் பின்பக்கத்தில் ஒருமுறையும் அளக்க வேண்டும். முன்அளவு பின்அளவைவிடக் குறைவாக இருந்தால் அந்த வித்தியாசமே டோ-இன். திருத்தும்போது இரு டை ராடுகளையும் சம அளவு திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பினால் அளவு சரியாக வந்தாலும் ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கும். ஒரு பக்கம் வண்டி கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஒடியும்.

பிறகு போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், முதலில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில், பின்னர் சற்றுக் கூட்டி ஓட்டிப் பாருங்கள். வளைவிலிருந்து வெளியேறும்போது வீல் உங்கள் கைக்குள் தானாகவே நழுவி நேராக வர வேண்டும். திரும்பி வந்ததும் பானெட்டைச் சாய்த்து, யூ போல்ட், கப்ளிங் போல்ட், டை ராடு எண்டின் லாக் நட் ஆகியவற்றை ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். புது ரப்பர் அமர்ந்து கொடுப்பதால், இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ரேக்கின் யூ போல்ட்டுகளை மட்டும் இன்னொரு முறை இறுக்க வேண்டியிருக்கும்.